அணுப்பிளவின் விளைவும் அதன் வழுவும்

தேங்காயை உடைப்பவர் அது சரிபாதியாக உடைதல் வேண்டுமென விரும்புவர். யுரேனியம் 235 இன் கருவோ, மெதுவான நியூத்திரன் ஒன்றை ஏற்றுப் பிளக்கும்போது, பெரும்பாலும் ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமான இரு துண்டுகளாகவே பிரிகின்றது. 1938 ஆம் ஆண்டின் இறுதியில் பேர்லின் நகரிலே ஓட்டோ ஹானும் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்திலிருந்து பேரியம் தோன்றக் கண்டு திகைத்தனர். அப்பேரியம் பெரிய துண்டுகளுள் ஒன்றாகும்.

திணிவெண் 95 ஐயும் 138 ஐயும் அடுத்த துண்டுகளே மிகுதி. 100 பிளவுகளில் அத்தகைய திணிவெண் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 தடவை தோன்றும். சரிபாதியை ஒத்த 117 ஆம் திணிவெண்ணோ 10,000 பிளவுகளில் ஏறக்குறைய ஒரு தடவையே தோன்றும். 100 பிளவுகளுக்கு இத்தனை என்னும் இத்தொகையே பிளவு விளைவு எனப்படும்.

உலையில் எத்தனை கருக்கள் பிளந்தன என்பதை அருகிருந்து எண்ணுவார் எவருமிலர். எரிபொருளைக் கரைத்து, அதிலுள்ள நியோடிமியம் 148 அணுக்களை அளந்து, 100 பிளவுக்கு ஏறத்தாழ 1.7 என்னும் அதன் விளைவைக்கொண்டே பிளவுத் தொகையைக் காண்பர். விளைவில் நூற்றிலொரு பங்கு வழு இருப்பின், காணப்பட்ட தொகையிலும் அவ்வழுவே புகும்.

அதனினும் பெரிய காரியம் வெப்பம் பற்றியது. உலையை நிறுத்தியதும் பிளவு நின்றுவிடும். ஆயினும் துண்டுகளின் கதிர்த்தொழிற்பாடு, முதற் கணத்தில், முழு வலுவின் 6 அல்லது 7 சதவீத வெப்பத்தைத் தந்துகொண்டிருக்கும். 2011 மார்ச்சு மாதம் யப்பானின் புக்குஷிமாவிலே, நிலநடுக்கத்தின்போது இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமே நின்றன. ஆழிப்பேரலையாற் குளிரூட்டல் அற்றுப்போகவே, இவ்வெப்பமே அவற்றின் உள்ளகத்தை உருக்கிற்று. இதனை முன்கூட்டியே கணிப்பதற்கு நூற்றுக்கணக்கான துண்டுகளின் விளைவு தெரிதல் வேண்டும்.

ஓர் ஆய்வுகூடம் ஒரு விளைவை 6.0 எனவும் அதன் வழுவை 0.1 எனவும், மற்றொன்று விளைவை 6.3 எனவும் வழுவை 0.3 எனவும் கூறுவதாகக் கொள்ளுக. வழுவின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதத்தில் நிறை கொடுப்பது வழக்கம். ஆகவே முன்னதற்கு 9 மடங்கு நிறை, சராசரி 6.03. இது பள்ளி மாணவனும் செய்யத்தக்க கணக்கு. இடர் வேறிடத்தில் உள்ளது. இரு கூடங்களும் பேரியம் 140 இன் விளைவையே ஒப்பீட்டு அளவாகக் கொண்டிருந்தால், அவ்வளவிலுள்ள பிழை இரண்டிலும் ஒருங்கே கலந்திருக்கும். பத்துக் கூடங்களின் முடிபுகளைச் சேர்த்துச் சராசரி கண்டாலும் அது குறையாது. பழைய அறிக்கைகள் பலவற்றில் வழு எவ்வாறு பெறப்பட்டது என்னுங் குறிப்பே இல்லாமையால், மதிப்பிடுவோர் அதனைத் தம் தீர்ப்பின்படி பெருக்கிக்கொள்ளவும் நேர்கின்றது.

அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்திலிருந்து 1994 இல் வெளிவந்த, இங்கிலண்ட், ரைடர் என்னும் இருவரின் தொகுப்பு 60 வகைப் பிளவுகளுக்கு விளைவு தருகின்றது. அளக்க இயலாத குற்றாயுள் துண்டுகளுக்கு மாதிரிக் கணிப்பே அங்கு இடம்பெற்றது. அவற்றுக்கு 64 சதவீதம் வரை வழு குறிக்கப்பட்டது. அறியாமையை மறையாத அச்செயல் பாராட்டத்தக்கதே. ஆயினும் ஒவ்வோர் எண்ணின் வழுவும் அங்கே தனித்தனியே நிற்கின்றது.

உண்மையில் அவை தனித்தவை அல்ல. 95 ஆம் திணிவெண்ணுடைய துண்டு பிறந்து இரண்டு நியூத்திரன்கள் வெளியேறினால், அதன் துணை 139 ஆதல் வேண்டும். எல்லா விளைவுகளின் கூட்டுத்தொகையும் 200 ஆதல் வேண்டும். ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தே தீரும். ஆகவே வழுக்களும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்யும். இதனை மறந்து கூட்டுவோர் வெப்பத்தின் வழுவைப் பெரும்பாலும் மிகையாகவே காண்பர். தொகுப்புத் தராத அத்தொடர்பை, திணிவும் மின்னேற்றமும் மாறா என்னும் விதிகளைக்கொண்டு, பின்வந்தோர் கட்டியெழுப்ப வேண்டியவராயினர். வெவ்வேறு குழுவினர் கட்டியவை இன்னும் ஒன்றையொன்று முற்றாக ஒத்தனவல்ல.