கேரி தீவின் ‘மோயாங்’ சிற்பங்கள்: முன்னோரை மரத்தில் செதுக்கும் மா மெரி மக்களுக்கு இப்போது என்ன சிக்கல்?

கிள்ளானில் இருந்து பந்திங் போகும் சாலையில் தெலுக் பங்லிமா காராங் பக்கம் வலதுபுறம் திரும்பி, லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரி தீவு. நம்மில் பலருக்கு அது தெரிந்த இடம்தான். நண்டு சாப்பிடப் போயிருப்போம், இல்லையென்றால் தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டம் அங்கே இருந்திருக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனை. தீவின் பெயரே எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரிடம் இருந்து வந்ததுதான்.

ஆனால் அந்தப் பெயர் வருவதற்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் மா மெரி மக்கள். மலேசியத் தீபகற்பத்தில் அரசு அங்கீகரித்திருக்கும் 18 ஓராங் அஸ்லி இனங்களில் ஒன்று. சுங்கை பும்பூன், சுங்கை ஜூடா போன்ற கம்போங்குகளில் இன்றும் இருக்கிறார்கள். ‘மா’ என்றால் மக்கள், ‘மெரி’ என்றால் காடு. காட்டு மக்கள் என்று பெயர் இருந்தாலும், இவர்கள் வாழ்க்கை முழுக்கக் கடலோரச் சேற்றையும் சதுப்புநிலக் காட்டையும் சார்ந்தது. இவர்கள் பேசும் பெசிசி மொழிக்கும் மலாய்க்கும் மொழிக்குடும்ப அளவில் தொடர்பு இல்லை. கம்போடியாவின் கெமர் மொழி இருக்கும் ஆஸ்ட்ரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது அது.

உலகம் இவர்களைத் தெரிந்துகொண்டது மரச் சிற்பங்கள் வழியாக.

மோயாங் என்றால் யார்?

சுருக்கமாகச் சொன்னால், முன்னோர் ஆவி. நம் வீட்டில் குலதெய்வம் என்று சொல்கிறோமே, அதற்குக் கிட்டத்தட்ட அருகில் வரும் கருத்து. ஆனால் மோயாங் எப்போதும் மனித உருவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. புலி, முதலை, நண்டு, மீன் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை, ஒரு முகம்.

இதில் ரொம்பப் பிரபலமான கதை மோயாங் மெலூருடையது. பாதி மனிதன், பாதி புலி, நிலாவில் குடியிருப்பவன். மா மெரி மக்களின் பாட்டு, மொழி, பழக்கவழக்கம் எல்லாவற்றின் ரகசியமும் அவன் கையில்தான் இருந்ததாம். ஒருநாள் கீழே எட்டிப் பார்த்தவன் தவறி பூமியில் விழுந்தான். திரும்ப நிலாவுக்கு அனுப்பாவிட்டால் எல்லாரையும் தின்றுவிடுவேன் என்று மிரட்டினான். மோயாங் போஜெஸ் என்பவர் ஒரு கொடியை நிலாவுக்கு வீசி, அவனோடு ஏறினார். மேலே போனதும் மெலூருக்கு மனித வாசனை. போஜெஸ் ஒரு சமையல் பானைக்குள் ஒளிந்து தப்பித்து, அந்த ரகசியங்களோடு கீழே இறங்கிவிட்டார். ஒரு இனத்தின் பண்பாடே திருடிக்கொண்டு வந்த பொருள் என்று சொல்லும் கதை. எனக்குப் பிடித்த பகுதி அந்தப் பானைதான்.

சீனப் புத்தாண்டுக்குச் சுமார் ஒரு மாதம் கழித்து வரும் ஹாரி மோயாங் நாளில் முன்னோருக்குப் படையல் போடுவார்கள். ‘மாயின் ஜோ-ஓ’ ஆட்டத்தில் பெண்கள் ஓலைப் பின்னல் அணிந்து ஆட, ஆண்கள் முகமூடியோடு வருவார்கள். முகமூடி ஒவ்வொன்றும் ஒரு மோயாங்.

எகிப்துக் கல்லறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும்.

எகிப்தின் சக்காராவில் தீ என்ற அதிகாரியின் கல்லறை இருக்கிறது. வயது சுமார் 4,400 ஆண்டுகள். சுண்ணாம்புக்கல் சுவரில் பின்னணியை மட்டும் உளியால் எடுத்துவிட்டு, உருவங்களை மேலெழும்ப விட்டிருக்கிறார்கள். ரொட்டி சுடுகிறவர்கள், மாடு ஓட்டுகிறவர்கள், நாணல் சதுப்பில் நீர்யானை வேட்டை. அலங்காரத்துக்காக மட்டும் அல்ல. செதுக்கிய ரொட்டி இறந்தவருக்கு என்றென்றும் உணவாகும் என்ற நம்பிக்கை அது. அதனால் கல் அழியக்கூடாது. தமிழ்நாட்டில் செங்கம் பக்கம் இருக்கும் நடுகற்களும் இதே தர்க்கம்தான்: வீரன் இறந்தான், கல்லில் நிற்கிறான்.

தென்கிழக்காசியப் பூர்வகுடிகளின் பழைய சடங்குச் சிற்பங்கள் பல இதற்கு நேர் எதிர். நோய் தரும் ஆவியை மென்மையான மரத்தில் செதுக்கிய உருவத்துக்குள் மாற்றி, அந்த உருவத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பகாங்கின் ஜா ஹுட் மக்களிடம் இந்த வழக்கம் நன்கு பதிவாகியிருக்கிறது. பொருள் அழிந்தால்தான் வேலை முடியும். விநாயகர் சதுர்த்திக்கு மண் பிள்ளையாரைக் கரைக்கிறோம் இல்லையா, அதுமாதிரி.

அப்படியென்றால் கடைகளில் பார்க்கும் பளபளப்பான, கனமான மா மெரி சிற்பம்? அது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு, வெளியாருக்கு விற்பதற்காக வளர்ந்த கலை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெர்மானிய மருத்துவர் ரோலண்ட் வெர்னர் 1970-களில் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். பிறகு ‘ஹாரிமாவ் பெரந்தாய்’, அதாவது சங்கிலிப் புலிச் சிற்பத்துக்கு யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்பு முத்திரையும் கிடைத்தது. அந்தச் சங்கிலி ஒட்டுவேலை இல்லை. வளையம் வளையமாக, ஒரே மரத்துண்டில் இருந்து குடைந்து எடுப்பது. ஒரு வளையம் உடைந்தால் மொத்தச் சிற்பமும் போச்சு.

விற்பனைக்கு என்பதால் இது ‘போலி’ ஆகிவிடுமா? அப்படி நினைக்கத் தோன்றும், ஆனால் சரியில்லை. உருவங்களும் கதைகளும் அவர்களுடையவை. கனவில் வந்த மோயாங்கைச் செதுக்குவதும் உண்டு. தஞ்சாவூர் ஓவியத்தைக் கடையில் வாங்குகிறோம் என்பதற்காக அது போலி என்று நாம் சொல்வதில்லையே.

மரம்தான் பிரச்சினை

நல்ல சிற்பத்துக்குத் தேவை நிரே பாத்து என்ற சதுப்புநில மரம். உறுதியானது, கனமானது, உள்ளே செக்கச்சிவப்பு. மெதுவாக வளரும். கடலோரக் காடு குறையக் குறைய, செதுக்குபவர்கள் படகில் தூரம் தூரமாகப் போய், நீர்மட்டம் பார்த்து இறங்கி, சேற்றுக்குள் தேட வேண்டியிருக்கிறது. வெட்டிய கட்டையைக் கரைக்குக் கொண்டுவருவதே பெரிய வேலை.

‘அவர்கள் நிலம்தானே, மரம் நட்டுக்கொள்ளலாமே’ என்று கேட்கலாம். அங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. தீவின் பெரும்பகுதி தோட்ட நிறுவனத்தின் கையில். சிலாங்கூரில் டெங்கில் அருகே உள்ள தெமுவான் மக்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கில், 2002-இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் ஓராங் அஸ்லி மக்களின் மரபு நில உரிமையை ஏற்றது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் அந்த உரிமை குடியிருப்பு நிலத்துக்குத்தான். உணவும் பொருளும் தேடி அலைந்த பரந்த காட்டுக்கு இல்லை என்று உயர் நீதிமன்றம் வரையறுத்தது. நிரே பாத்து வளர்வது வீட்டு வாசலில் இல்லை, அந்தப் பரந்த காட்டில்தான். இதற்கு நடுவே கேரி தீவில் புதிய துறைமுகம் அமைக்கும் திட்டமும் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. அது வந்தால் முதலில் மாறப்போவது கடலோரம்.

நேரில் பார்க்க முடியுமா?

முடியும். சுங்கை பும்பூனில் மா மெரி கலாசாரக் கிராமம் இருக்கிறது. முன்பே கேட்டுவிட்டுப் போங்க. அவ்வளவு தூரம் முடியாது என்றால், பிரிக்பீல்ட்ஸில் இருந்து கேஎல் சென்ட்ரல் வழியாக நடந்தே தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அந்த வளாகத்திலேயே ஓராங் அஸ்லி கைவினைகளுக்கென்று தனிக் கட்டடம் உண்டு. சிற்பம் வாங்குவதாக இருந்தால், விலையைக் கேட்பதற்கு முன் இது எந்த மோயாங் என்று கேளுங்க. செதுக்கியவர் என்றால் கதையோடு சொல்வார்.