அடைவைத்த ஆறு முட்டைகள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் வளரும் பிள்ளைகளுள் பலர் முட்டையைக் கடையிலே கண்டவரேயன்றி, கோழி அடைகாப்பதைக் கண்டவரல்லர். நம் வீட்டுப் பையனும் அப்படித்தான் இருந்தான்.

சென்ற பங்குனியில், இஜ்ஜத்நகர் ரயில்வே குடியிருப்பில் அண்டை வீட்டாரின் பெட்டைக்கோழியொன்று முட்டையிடுவதை நிறுத்தி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் அமர்ந்துவிட்டது, நெருங்கினாரைக் கொத்திற்று. ஊரிலிருந்து வந்திருந்த நம் அன்னையார், "அடைக்கோழியல்லவா இது! முட்டை வைக்கலாமே" என்றார். அவ்வளவுதான். பையன் தன் கைக்காசில் ஆறு முட்டைகள் வாங்கிவந்து வைக்கோற்கூடையில் வைத்து, நாட்காட்டியில் 21-ஆம் நாளைச் சிவப்பு மையால் வளைத்துவிட்டான். அவை கடைமுட்டைகள் என்பதை அன்னையார் அறியார். நாமோ அறிந்தும் எண்ணிப் பார்த்தோமில்லை.

எட்டாம் நாள் இரவு, அன்னையார் கைவிளக்கின் எதிரே ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்த்தார். கருவுள்ள முட்டையாயின் அந்நாளில் சிலந்திக் கால்கள்போலச் செந்நரம்புகள் படர்ந்து தெரியும். ஆறிலும் வெறும் வெளிச்சமே தெரிந்தது.

"எல்லாம் கூமுட்டைடா, ராசா."

"அது கோழிக்குத் தெரியாதா, ஆச்சி?" என்றான் பையன், கண் கலங்கி.

தெரியாது. கூழாங்கல்லை வைத்தாலும் அடைக்கோழி அதன்மேல் அமரும். பெட்டை முட்டையிடுவதற்குச் சேவல் வேண்டுவதில்லை. குஞ்சு பொரிப்பதற்கே வேண்டும். நாமக்கல் முதலிய இடங்களில் விற்பனை முட்டைக்கென வளர்க்கும் கோழிகளோடு சேவலைச் சேர்ப்பதில்லை. முன்னமே இதைச் சொல்லாதது நம் பிழை.

மறுநாளே, சேவலும் பெட்டையும் கூடித் திரியும் ஒரு பால்காரர் வீட்டிலிருந்து ஒன்பது முட்டைகள் கொணர்ந்தோம். பையன் ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு குறியிட்டான். பார்க்கும்போதெல்லாம் குறி இடம் மாறியிருந்தது. கரு ஓட்டோடு ஒட்டிவிடாதபடி கோழி நாள்தோறும் பலமுறை முட்டைகளைப் புரட்டுகிறது. இரைக்கும் நீருக்குமாக நாளுக்கு ஓரிருமுறைதான் இறங்கிற்று. வாத்து முட்டையும் ஒன்று வைக்கலாமென்றான் பையன். அதற்கு 28 நாளாகும்; கோழிக்குஞ்சுகள் பொரிந்ததும் தாய் எழுந்து போய்விடுமாதலால் வேண்டாமென்றோம்.

21-ஆம் நாள் ஏழு குஞ்சுகள் வெளிவந்தன. அலகின் நுனியிலுள்ள சிறு முள்ளினால் ஓட்டை உடைக்கின்றன. சில நாளில் அம்முள் உதிர்ந்துவிடும். பொரியுமுன் மஞ்சட்கரு முழுவதும் வயிற்றுக்குள் இழுக்கப்படுவதால், இரண்டு நாள் இரையின்றியும் குஞ்சு தாங்கும். துளையிட்ட அட்டைப்பெட்டிகளில் ஒருநாட் குஞ்சுகளை ரயிலேற்ற முடிவதும் இதனாலேதான். பார்சல் அலுவலகத்தில் அக்கீச்சொலி கேட்டால், வண்டி எவ்வளவு தாமதமென்றே நாம் முதலில் பார்ப்போம்.

வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி, நமக்கு வடக்கே சிவாலிக் அடிவாரக் காடுகளில் இன்றும் திரிகிறது. ஆயினும் பல கோழிகளின் மஞ்சட் காலுக்குரிய மரபணு நம் தென்னாட்டுச் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென 2008-இல் ஆய்வாளர் கண்டனர். நம் ஏழனுள் நான்கிற்குக் கால் மஞ்சள்.

மறுநாட் காலை தாய்க்கோழி ஏழையும் அழைத்துக்கொண்டு கூடையைவிட்டு இறங்கிற்று. எஞ்சிய இரண்டு முட்டைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையன் அவற்றை மாலைவரை தன் சட்டைக்குள் வைத்திருந்து, பிறகு தானே வேப்பமரத்தடியில் புதைத்துவந்தான்.