நான்கு முறை அடைத்த ஓட்டை

தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி, ஒரு ஹைபன், ஆங்கில ‘எஸ்’ ஆகிய மூன்றையும் தட்டினால், பக்கத்துக்குப் பதில் அந்தப் பக்கத்தை உருவாக்கும் பிஎச்பி கோட் முழுவதும் திரையில் வந்து நிற்கும். சிஜிஐ முறையில் பிஎச்பியை ஓட்டிய பல சர்வர்களில் 2012 வரை இதுதான் நிலைமை. டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கோடுக்குள்ளேயே எழுதி வைக்கும் பழக்கம் எவ்வளவு பரவலானது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

‘எஸ்’ஸாவது கோடைக் காட்டுவதோடு நின்றுவிடும். அந்த இடத்தில் ‘டி’ போட்டால் பிஎச்பியின் அமைப்புகளையே வெளியிலிருந்து மாற்றலாம். எந்தக் கோப்பை ஓட்டினாலும் அதற்கு முன்னால் நான் அனுப்பும் கோடை ஓட்டு என்று சொல்லலாம், அதுவும் ஓட்டும். பாஸ்வேர்ட் வேண்டாம், லாகின் வேண்டாம்.

காரணம் பழைய விதி ஒன்றில் இருக்கிறது. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதியில் சமக்குறி இல்லாவிட்டால், சர்வர் அதைச் சொற்களாகப் பிரித்துப் புரோகிராமுக்குக் கட்டளை வரியில் கொடுக்கலாம் என்கிறது சிஜிஐ. இணையத்தின் தொடக்க நாட்களில் தேடல் பக்கங்களுக்காகச் செய்த ஏற்பாடு. அப்பாச்சி அதை விடாமல் கடைப்பிடித்தது. கட்டளை வரியில் ஹைபனோடு தொடங்குவது எதுவும் உத்தரவாகிவிடும். வெளியாள் எழுதிய எழுத்து உள்ளே உத்தரவாகப் போகாமல் தடுக்கும் பொறுப்பு பிஎச்பியுடையது. 2004 முதல் அந்தத் தடுப்பு அதில் இல்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2012 ஜனவரியில், கோவாவின் நல்கான் மாநாட்டையொட்டி நடந்த ஹேக்கிங் போட்டியில் கலந்துகொண்ட ஐன்ட்பாசன் என்ற நெதர்லாந்து அணியினர் தற்செயலாக இதைக் கண்டுபிடித்தார்கள்.

அடைத்த கதைதான் இன்னும் கவனிக்க வேண்டியது. பிஎச்பி குழுவுக்குத் தகவல் ஜனவரியிலேயே போய்விட்டது. பேட்ச் தயாராகும் முன்பே, மே 3ஆம் தேதி, விவரம் தவறுதலாகப் பொதுவெளிக்கு வந்துவிட்டது. அவசர அவசரமாக 5.3.12, 5.4.2 பதிப்புகள் வந்தன. அவற்றிலிருந்த சோதனையைச் சமக்குறியை நேரடியாக எழுதாமல் ‘%3டி’ என்று சங்கேதமாக எழுதியே ஏமாற்ற முடிந்தது. சில நாட்களில் 5.3.13, 5.4.3. அந்த வாரம் ஃபேஸ்புக் முகவரியோடு முதலில் சொன்ன கேள்விக்குறி, ஹைபன், ‘எஸ்’ மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குக் கோட் கிடைக்கவில்லை. பாதுகாப்புப் பொறியாளர் வேலைக்கான இணைப்பு கிடைத்தது. அங்கே யாரோ குறும்புக்காரர்.

இரண்டாவது அடைப்பு பன்னிரண்டு ஆண்டுகள் தாங்கியது. 2024 மே மாதம் தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்ச் சாய், விண்டோஸில் அதைச் சுற்றிப் போகும் வழியைப் பிஎச்பி குழுவுக்குத் தெரிவித்தார். ஹைபனின் பைட் மதிப்பு 2டி. சாஃப்ட் ஹைபன் என்று இன்னொரு குறி உண்டு. சொல் வரி முடிவில் உடைந்தால் மட்டும் கண்ணுக்குத் தெரியும். அதன் மதிப்பு ஏடி. உள்ளே வரும் சரத்தைப் பிஎச்பி சோதித்தது. 2டி இல்லை என்று விட்டுவிட்டது. சீன, ஜப்பானிய மொழி அமைப்பில் ஓடும் விண்டோஸ், கட்டளை வரியை அந்த மொழியின் எழுத்துத் தொகுப்புக்கு மாற்றும்போது, அதில் சாஃப்ட் ஹைபன் இல்லாததால் ‘கிட்டத்தட்ட இதுதானே’ என்று சாதாரண ஹைபனைப் போட்டுக் கொடுத்துவிடும். இப்படி, காவலாளி பார்த்த பை ஒன்று, உள்ளே போய்ச் சேர்ந்த பை வேறு.

உள்ளீட்டுச் சோதனை என்றால் தடைசெய்த குறிகளின் பட்டியலை வைத்துத் தேடுவது என்றுதான் இன்றும் பல இடங்களில் புரிந்துவைத்திருக்கிறார்கள். சரம் கடைசியாக எந்த வடிவத்தில், எந்த இடத்தில் பயன்படப் போகிறதோ அங்கே சோதிக்காவிட்டால், இடையில் அதைத் தொடும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு புது வாசல். சிஜிஐயில் சிக்கல் அதைவிட ஆழம். வெளியாளின் சரம் கட்டளை வரிக்குப் போவதே தவறு என்பது என் கருத்து.

பேட்ச் 2024 ஜூன் 6ஆம் தேதி வந்தது. தாக்கும் முறை மறுநாளே பொதுவில் வெளியானது. டெல்யூதபாஸ் என்ற ரான்சம்வேர் கும்பல் ஜூன் 8 முதலே இதைப் பயன்படுத்தியதாக இம்பெர்வா நிறுவனம் பதிவுசெய்திருக்கிறது. இரண்டே நாள். 2025 ஜனவரியிலிருந்து ஜப்பானிய நிறுவனங்களை இதே வழியில் குறிவைத்த தாக்குதல்களைச் சிஸ்கோ டாலோஸ் விவரித்தது. இதற்குள், 2024 செப்டம்பரில், வழக்கமில்லாத சில எழுத்துத் தொகுப்பு அமைப்புகளில் ஜூன் பேட்சையும் தாண்டலாம் என்று தெரிந்து நான்காவது அடைப்பும் வந்துவிட்டது. ஆக 8.1.29, 8.2.20, 8.3.8 போட்டதோடு நின்றவர்கள் பாதிதான் வந்திருக்கிறார்கள், 8.1.30, 8.2.24, 8.3.12 ஆகியவையே குறைந்தபட்சம்.

நம் ஊரில் பிஎச்பி கற்கும் மாணவர்கள் பலர் முதலில் நிறுவுவது ஸாம்ப். அதன் விண்டோஸ் தொகுப்பு, சிஜிஐயை நாம் பயன்படுத்தாவிட்டாலும், பிஎச்பி-சிஜிஐ கோப்பை வெளியிலிருந்து அழைக்கும்படி வைத்திருந்தது. ஆங்கில அமைப்பு விண்டோஸில் இந்தத் தாக்குதல் பலிப்பதாக யாரும் காட்டவில்லை, உண்மைதான். ஆனால் மற்ற மொழி அமைப்புகளுக்கு ஆபத்தே இல்லை என்று உறுதி சொல்ல டெவ்கோரும் முன்வரவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் பயிற்சிக்குப் போட்ட ஸாம்ப் அப்படியே பொது ஐபியில் தளமாகிவிடுவதும் நடக்காத காரியமில்லை.

8.0க்கும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் பேட்ச் கிடையாது. அவற்றின் ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது. உடனே மாற முடியாதவர்கள் ஸாம்பின் அப்பாச்சி அமைப்புக் கோப்பில் பிஎச்பி-சிஜிஐக்கான ‘ஸ்கிரிப்ட்அலியாஸ்’ வரிக்கு முன்னால் ஒரு # போட்டு, சர்வரை மறுபடி தொடங்கலாம். சிஜிஐயை விட்டு பிஎச்பி-எஃப்பிஎம் போன்ற வேறு முறைக்குப் போவது இன்னும் நல்லது. அதோடு 2024 ஜூன் முதலான ஆக்சஸ் லாகைத் திறந்து, கேள்விக்குறியை ஒட்டி ‘%ஏடி’ வரும் வரிகளைத் தேடிப் பாருங்கள். அப்படி ஒரு வரிக்கு 200 என்று பதில் போயிருந்தால், பேட்ச் போடும் முன் அந்த இயந்திரத்தை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிடுங்கள்.