கருப்பைப் புற்றுநோய்: ரத்தப் பரிசோதனை எதைக் காட்டும்?

மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பிறகு துணியில் சிறு கறை பட்டாலும் அது இயல்பானதல்ல. 'உடம்புச் சூடு' என்று இளநீர் குடித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் பெண்கள் நம்மிடையே அதிகம். கருப்பையின் உட்சவ்வில் உருவாகும் புற்றுநோயால் பாதிக்கப்படுபவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு இயல்புக்கு மாறான ரத்தப்போக்குதான் முதலில் தெரிகிறது. இப்படி ரத்தம் படும் எல்லோருக்கும் புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். பத்தில் ஒன்பது பேருக்கு வேறு காரணம்தான் இருக்கும். அந்த ஒருவர் யார் என்பதை ஸ்கேனும் பயாப்சியும்தான் சொல்லும்.

அப்படியானால் ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

வெள்ளையணுக்களின் கணக்கு

எல்லா லேபிலும் எடுக்கும் சி.பி.சி. (முழு ரத்த எண்ணிக்கை) அறிக்கையில் நியூட்ரோஃபில், லிம்போசைட் என்று இரண்டு வரிகள் இருக்கும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 70, 20 என்றால் விகிதம் 3.5.

இந்தச் சின்னக் கணக்குக்குள் நோய் எதிர்ப்பாற்றலின் நிலவரம் ஓரளவு தெரிகிறது. புற்றணுவை இனங்கண்டு கொல்லும் டி செல்கள் லிம்போசைட் வகை. கட்டியோ இன்டர்லூகின்-6 போன்ற வேதிப்பொருள்களைச் சுரந்து, எலும்பு மஜ்ஜை நியூட்ரோஃபில்களைக் கூடுதலாக அனுப்பும்படி தூண்டுகிறது. வந்து சேர்பவற்றில் ஒரு பகுதி கட்டிக்குப் புதிய ரத்தக்குழாய்கள் உருவாக உதவுகிறது. டி செல்களை அடக்கவும் செய்கிறது. சிகிச்சைக்கு முன்பே இந்த விகிதம் உயர்ந்திருந்தவர்களுக்கு நோயின் போக்கு கடுமையாக இருந்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை, உடல் பருமன் ஆகியவையும் இதே விகிதத்தை ஏற்றிவிடும். ஆபத்தின் எல்லை எந்த எண் என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு. ஆகவே வீட்டில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்து நிம்மதி அடைவதும் தவறு, நடுங்குவதும் தவறு.

சி.ஏ.-125

ரத்தத்தில் அளக்கப்படும் புரதம் இது. நோய் பரவியிருக்கிறதா என்று கணிக்க மருத்துவருக்கு இதன் அளவு உதவலாம். ஆரம்ப நிலையில் பலருக்கு இயல்பான அளவே இருக்கும். நார்த்திசுக்கட்டி இருந்தாலும் உயரும்.

இம்யூனோதெரபி யாருக்கு?

இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம் பேரின் கட்டியில், டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதாகியிருக்கும். பிழைகள் குவியக் குவிய அந்தக் கட்டி டி செல்களின் கண்ணில் எளிதாகப் படும். நோய் முற்றியவர்களிலும் திரும்பி வந்தவர்களிலும் இவர்களுக்குத்தான் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் டோஸ்டார்லிமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் மிக நன்றாக வேலை செய்கின்றன. டோஸ்டார்லிமாப் 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. யாருக்குக் கொடுக்கலாம் என்பதை இன்றும் கட்டியின் திசுவில்தான் சோதிக்கிறார்கள், எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நான்கு புரதங்களைப் பார்க்கிறார்கள்.

இந்தப் பழுது சிலருக்குப் பரம்பரையாகவும் வரும். அதன் பெயர் லிஞ்ச் நோய்க்குறி. அதை உறுதிசெய்ய மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனை உண்டு. குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், இந்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். நோயாளிக்கு அது உறுதியானால் மகன், மகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கும் இதனால் பெருங்குடல் புற்றுநோய் வரலாம். கொலனோஸ்கோபி செய்துவந்தால் அதைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட முடியும்.