மரநிலை ஆசனம்: விழாமல் பழகும் முறை



காலையில் கடை திறந்தால் இரவு அடைக்கும் வரை நின்றே வியாபாரம் பார்ப்பவர்கள் நம்மில் பாதிப் பேர். மீதிப் பேர் கல்லாவை விட்டு எழுந்திருப்பதே இல்லை. இரு சாராருக்கும் வயது ஏற ஏறக் கால் தடுமாறும். மேல்தட்டுச் சரக்கை எடுக்க ஸ்டூலில் ஏறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மாதக்கணக்கில் கடையைப் பிறர் கையில் விட வேண்டியதுதான்.

பிரேசில் நாட்டில் 51 முதல் 75 வயது வரையுள்ள சுமார் 1,700 பேரைச் சோதித்து, 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 10 விநாடி ஒற்றைக்காலில் நிற்க ஐந்தில் ஒருவருக்கு முடியவில்லை. நல்ல வேளையாக, இந்த நிதானத்தைப் பழக்கத்தால் வளர்க்கலாம். அதற்கு ஏற்றது விருட்சாசனம் என்னும் மரநிலை.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைப் பார்த்திருப்பீர்கள். கீழே எலிகள் சூழத் தவவேடம் போடும் பூனையும் உண்டு. தவசியைப் போல நிற்க நாளாகும். பூனையைப் போல வேடிக்கை காட்டப் போனால் விழுவோம்.

முதல் வாரம் இரு காலில் நேராக நிற்கும் தாடாசனம் மட்டும் போதும். குதிகால், பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி மூன்றிலும் பாரம் சமமாக இறங்க வேண்டும். தராசு முள் நடுவில் நிற்பது போல.

பிறகு சுவருக்குப் பக்கத்தில் நின்று ஒரு கையைச் சுவரில் ஊன்றுங்கள். ஒரு காலின் குதிகாலை மறு காலின் கணுக்காலில் சாய்த்து வையுங்கள். விரல்நுனி தரையிலேயே இருக்கட்டும். கண்ணுக்கு நேரே அசையாத ஒரு பொருளைப் பாருங்கள். மூச்சை அடக்க வேண்டாம். 10 விநாடி நின்று கால் மாற்றுங்கள். இது பழகிய பின் பாதத்தைக் கெண்டைக்கால் உட்புறத்தில் வைக்கலாம். முழங்கால் மூட்டில் மட்டும் ஒருபோதும் வைக்கக் கூடாது. பக்கவாட்டு அழுத்தம் மூட்டுக்கு ஆகாது.

நம் புன்னக்காயலில் வள்ளத்தில் நிற்பவர்களைக் கவனியுங்கள். முழங்காலை விறைக்காமல் சற்றே தளர்த்தி நிற்பார்கள். ஊன்றிய கால் அப்படி இருக்க வேண்டும். ஆனால் ஆற்றுமுகத்து மணலில் இதைப் பழக வேண்டாம், பாதம் புதையும். சாக்கு, பாய், எண்ணெய் சிந்திய தரையும் கூடாது. வெறும் காலுடன், காய்ந்த சிமெண்டுத் தரையே நல்லது. வேட்டி, கைலி காலில் தடுக்காதபடி மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும்.

தலைசுற்றல், கட்டுக்கு அடங்காத இரத்த அழுத்தம், மூட்டு வலி உள்ளவர்களும், அண்மையில் அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்குத் தரை சரியாகத் தெரியாது. அவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கண்ணை மூடிச் செய்ய யாரும் முயல வேண்டாம்.

கடை திறக்கும் முன் ஐந்து நிமிடம் போதும். சுவரைப் பிடிப்பதில் வெட்கம் எதற்கு? முதலைக் காத்துக்கொண்டு லாபம் பார்ப்பதுதானே வியாபாரம்!