கூட்டு ஏலமும் வெளிப்படையான கணக்கும்

மட்டக்களப்பு நகரை நீங்கி, வலையிறவுப் பாலத்தின் வழியே வாவியைக் கடந்து மேற்கே செல்வோர் அடைவது வவுணதீவு. கதிரவன் எழும் திசையில், கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலத்தை எழுவான்கரை என்றும், அவன் படும் திசையில் வயலும் மேய்ச்சல் தரையுமாக விரிந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவது அந்நாட்டு மரபு. வவுணதீவு படுவான்கரையைச் சார்ந்தது. நெல்லும் மாடும் வாவி மீனும் அப்பகுதி மக்களுக்குச் சோறிடுகின்றன. ஆயின் இம்மூன்றில் எதுவும் மாதந்தோறும் ஒரே அளவில் பணம் தருவதன்று. பெரும்போக விதைப்புக்கு ஐப்பசியில் கைப்பணம் வேண்டும். அறுவடைப் பணமோ மாசி, பங்குனியில்தான் வரும். இந்த இடைவெளியை நிரப்புவதற்குத் தமிழர் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் ஏற்பாடுகளுள் ஒன்று சீட்டு.

சீட்டில் குலுக்குச் சீட்டு உண்டு, ஏலச் சீட்டு உண்டு. குலுக்கில் எவர் பெயர் வருகிறதோ அவருக்கு முழுத்தொகை. அதில் விளக்க வேண்டியது அதிகமில்லை. ஏலச் சீட்டின் இயல்பு வேறு. இருபது பேர் மாதம் ஐயாயிரம் ரூபா வீதம் கட்டும் ஒரு சீட்டை எண்ணிப் பார்க்கலாம். மாதந்தோறும் ஓர் இலட்சம் ரூபா சேருகிறது. அந்த மாதத்தில் பணம் வேண்டியவர்கள் கழிவு கூறுகிறார்கள். “பத்தாயிரம் கழித்து எனக்குத் தாருங்கள்” என்கிறார் ஒருவர். “பன்னிரண்டாயிரம் கழித்துத் தாருங்கள்” என்கிறார் மற்றவர். எவர் கூடுதலான கழிவு கூறுகிறாரோ அவருக்கே சீட்டு. அவர் விட்டுக்கொடுத்த கழிவு எங்கே போகிறது? சீட்டு நடத்துபவருக்குரிய பங்கு நீங்க, எஞ்சியது உறுப்பினர் அனைவருக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. இங்கேதான் நேயர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. சாதாரண ஏலத்தில் விலை கூறுவோர் ஒரு பக்கம், பொருளுக்குரியவர் மறுபக்கம். சீட்டு ஏலத்திலோ விலை கூறுவோரே பொருளுக்கும் உரியவர்கள். ஒருவர் அதிகம் இழந்தால் மற்றவர் எல்லாருக்கும் இலாபம்.

இந்த விசித்திரமான ஏலம் இன்று எவரும் எதிர்பாராத ஓரிடத்திலும் நடக்கிறது. வாவிக்கரையில் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் இளைஞர்கள் ஆடும் இணைய விளையாட்டுகளை முதியோர் வெறும் பொழுதுபோக்கு என்றே கருதுவர். ஆனால் அவ்விளையாட்டுகளுள் சிலவற்றில் ஆடுவோர் குழுக்களாகச் சேர்கின்றனர். அக்குழுவுக்குக் ‘கில்ட்’ என்று பெயர். ஐரோப்பிய வணிகரும் கைவினைஞரும் அமைத்த சங்கங்களின் பெயர் அது. ஒருகாலத்தில் தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் வாணிகம் நடத்திய ஐந்நூற்றுவர் போன்ற கணங்களை நினைவூட்டும் சொல். 1999இல் வெளிவந்த எவர்குவெஸ்ட், 2004இல் வெளிவந்த வேர்ல்ட் ஒவ் வார்கிராவ்ட் முதலிய விளையாட்டுகளில் பலர் சேர்ந்தே ஒரு பெரும் பூதத்தை வெல்ல முடியும். பின்னதில் தொடக்க காலத்தில் ஒரு படைக்கு நாற்பது பேர்வரை சேர்ந்தனர். பூதம் வீழ்ந்தபின் கிடைப்பதோ ஒரு வாள், ஒரு கவசம். நாற்பது பேருக்கு ஒரு கவசத்தை எப்படிப் பங்கிடுவது? விளையாட்டை அமைத்தவர்கள் அதற்கு நிறைவான விடை தரவில்லை. ஆடியவர்களே ஒரு வழி கண்டனர். போருக்கு வந்தவர்களுக்குப் புள்ளிகள் வழங்கி, அப்புள்ளிகளைக் கொண்டு ஏலம் கூற விட்டனர். வேறு சில குழுக்கள் விளையாட்டுக்குள் வழங்கும் பொற்காசைக் கொண்டே ஏலம் கூறி, சேர்ந்த பொன்னை அன்றிரவு போரிட்ட அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டன. ஒருவர் கொடுப்பது மற்றவர் கைக்கே மீளும் இது, பெயர் மாறிய ஏலச் சீட்டேயன்றி வேறன்று. சீட்டில் எழும் வழக்கு எதுவோ, அதுவே அங்கும் எழுந்தது: கூறிய தொகையை யார் அறிய வேண்டும், எப்பொழுது அறிய வேண்டும்?

எல்லாரும் கேட்க வாய்விட்டுக் கூறினால் ஐயமே இல்லை என்று தோன்றும். மேற்கூறிய சீட்டையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம், விதைப்புக் காலம். ஒரு பெண்ணுக்கு உழவுக் கூலிக்கும் விதை நெல்லுக்கும் பணம் வேண்டும். பதினெண்ணாயிரம்வரை கழிவு கூற அவர் மனத்தளவில் ஆயத்தம். இன்னொருவர் பதினாலாயிரத்துக்கு மேல் கூறமாட்டார். இவ்விருவர் மட்டும் போட்டியிட்டால் பதினாலாயிரத்து ஐந்நூறில் ஏலம் முடியும். நடத்துபவரின் பங்கைக் கணக்கில் சேர்க்காது பார்த்தால், ஆளுக்கு 725 ரூபா பிரிவுப் பணம். இப்பொழுது பணத்தேவை சற்றும் இல்லாத மூன்றாமவர் ஒருவர் இடையில் புகுந்து பதினேழாயிரத்து ஐந்நூறு என்கிறார். அப்பெண் பதினெண்ணாயிரம் கூறியே சீட்டை எடுக்கிறார். பிரிவுப் பணம் 900 ஆகிறது. புகுந்தவருக்கு 175 ரூபா கூடுதல் வரவு. அப்பெண்ணுக்கோ 3,500 ரூபா கூடுதல் இழப்பு. தம் பங்காக அவருக்குத் திரும்பி வரும் 175 ரூபாவைக் கழித்தாலும் 3,325 ரூபா போனது போனதுதான்.

அப்பெண் பதினேழாயிரத்து ஐந்நூறோடு நின்றுவிட்டால் வேண்டாத சீட்டு ஏற்றிவிட்டவர் தலையில் விழுமே என்று கேட்கலாம். விழும். ஆயினும் அயலவர் வீட்டுச் செய்தியெல்லாம் ஊரறிந்த இடத்தில், யாருக்கு விதைப்பு, யார் வீட்டில் கலியாணம், யார் மகன் வெளிநாடு புறப்படுகிறான் என்பதை அறிந்தவருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. வெளிப்படையான ஏலத்தில் வெளிப்படுவது விலை மட்டுமன்று. ஒருவரின் நெருக்கடியும் வெளிப்படுகிறது. வெளிப்படை நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்போர் இதைக் காண்பதில்லை.

ஆதலால் மறைவாகக் கூறும் முறை உண்டாயிற்று. ஒவ்வொருவரும் தம் தொகையைத் துண்டில் எழுதி மடித்து நடத்துபவரிடம் கொடுப்பார். விளையாட்டுக் குழுவில் தலைவருக்குத் தனிச் செய்தியாக அனுப்புவார். அப்பெண்ணின் நெருக்கடி இப்பொழுது ஊருக்குத் தெரியாது. ஆனால் நடத்துபவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். தொல்லை அங்கே குடிபுகுகிறது. துண்டுகளைத் தனியே பிரித்துப் பார்ப்பவர், தம் உறவினர் ஒருவரிடம் “இன்னும் இருநூறு சேர்த்து எழுது” என்று சொல்லிவிடலாம். தோற்றவர் “என் தொகை என்னவாயிற்று?” என்று கேட்டால், “உம்மைவிட மேலான தொகை வந்தது” என்ற ஒரே விடைதான் கிடைக்கும். அது மெய்யாகவும் இருக்கலாம். மெய்யென்று காட்ட வழியில்லாததே குறை. நேர்மையாக நடத்துபவருக்கும் இது நல்லதன்று. தம் நேர்மையை நிறுவ அவர் கையில் ஒரு தாளும் இல்லை. விளையாட்டுக் குழுக்கள் பல உடைவதற்கும், நல்ல சீட்டுகள் பாதியில் நிற்பதற்கும் இத்தகைய ஐயம் ஒன்றே போதும்.

இவ்விடத்தில் ஓர் அறிஞரின் ஆராய்ச்சி நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய வில்லியம் விக்ரி 1961இல் ஏலங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மறைவாகக் கூறும் ஏலத்தில் மிக உயர்ந்த தொகை கூறியவருக்கே பொருளைக் கொடுத்து, இரண்டாவதாக வந்த தொகையை மட்டும் அவரிடம் பெறலாம் என்பது அவர் ஆராய்ந்த முறை. அப்பொழுது எவரும் பிறர் மனத்தை ஊகித்துத் தம் தொகையைக் குறைத்தோ கூட்டியோ எழுத வேண்டியதில்லை. மனத்திலுள்ள மதிப்பையே எழுதலாம். 1996இல் இவருக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் காலமானார். இவர் முறையை விளையாட்டுக் குழுக்கள் சில அப்படியே எடுத்துக்கொண்டன. ஒரு கவசத்துக்கு ஒருவர் நூறு புள்ளி, அடுத்தவர் அறுபது புள்ளி கூறினால், நூறு கூறியவர் அறுபது கொடுத்துப் பெறுவார்.

அழகான முறைதான். ஆயினும் அதில் ஒரு பொந்து இருக்கிறது. துண்டுகளைப் பிறருக்குக் காட்டாத தலைவர், “இரண்டாவது தொகை தொண்ணூற்றெட்டு” என்று சொல்லிவிட்டால் யார் மறுப்பார்? இல்லாத ஆள் பெயரால் ஒரு தொகையை இடையே செருகுவது எளிது. ஏலச் சீட்டில் கழிவு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மற்றவர் பங்கும் கூடும் ஆதலின், அப்படிச் செருகுவதை எதிர்த்துக் கேட்க எவருக்கும் ஆர்வமும் இராது. வென்றவர் ஒருவரே ஏமாந்தவர். அவரோ வென்றோம் என்ற மகிழ்ச்சியில் இருப்பார்!

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைக் கைமேல் போட்டு மூடி, அதனுள் விரலைத் தொட்டு விலை பேசுவதைப் பலர் கண்டிருப்பர். சுற்றி நிற்பவருக்கு விலை தெரியாது. அங்கே அது பொருந்தும்; விற்பவரும் வாங்குபவரும் அல்லாத பிறருக்கு அப்பேரத்தில் பங்கு இல்லை. பங்குப் பணம் எல்லாருக்கும் உரிய கூட்டு ஏலத்திலோ துண்டுக்குள் விரல் செல்லாது. அதற்கு ஏற்ற முன்மாதிரி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ளது. முதற் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளை ஒட்டிப் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. அது ஏலமன்று, வாரியத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கல். ஆயினும் அதிலுள்ள முன்னெச்சரிக்கையைக் காண்க. பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்படும். எழுதியது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் எடுப்பான். நடுநிலையாளர் அதனைத் தம் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். உரக்க வாசிக்க வேண்டும். அங்குள்ள நம்பிமாரும் வாங்கி வாசிக்க வேண்டும். கைக்குள் இன்னொரு ஓலையை ஒளித்து மாற்ற இடமில்லை. குடத்துள் இருக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. வெளியே வந்தபின் ஒருவருக்கும் மறைவில்லை.

கூட்டு ஏலத்துக்கு வேண்டியதும் இந்த இரண்டும்தான். கூறும் வேளைவரை ஒருவர் தொகை மற்றவருக்கு, நடத்துபவர் உட்பட, தெரியலாகாது. முடிந்த கணமே வென்ற தொகை மட்டுமன்றித் தோற்ற தொகைகளும் யாவர்க்கும் தெரிய வேண்டும். தோற்ற தொகையை வெளியிடுவது அவரை நாணச் செய்யும் என்று கருதுவோர் உண்டு. தேவையின் காரணத்தை எவரும் சொல்ல வேண்டியதில்லை, தொகை போதும். தோற்ற தொகை பதியப்படாவிடின் இரண்டாம் தொகை மெய்யா பொய்யா என்று காண வேறு வழியே கிடையாது.

சட்டமும் இத்துறையில் தன் பங்கைச் செய்திருக்கிறது. இலங்கையில் சீட்டுகளுக்கென 1935ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவின் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம், ஏலத்தின்போது குறைந்தது இரண்டு உறுப்பினராவது உடனிருக்க வேண்டும் என்றும், நடவடிக்கைக் குறிப்பு எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றும் விதித்தது. 2019இல் செய்த திருத்தம், அவ்விருவரும் காணொளி வழியாகச் சேர்ந்தாலும் போதும் என்றது. கொழும்பில் 1883இல் தொடங்கிய தேயிலை ஏலமும் 2020 ஏப்ரலில், கொள்ளை நோய்க் காலத்தில், மண்டபத்தை விட்டு இணையத்துக்கு மாறியது. விளையாட்டு உலகில் நேர்ந்தது வேறு. பொன்னுக்கு ஏலம் கூறிப் பங்கிடும் முறையை, வார்கிராவ்ட் விளையாட்டின் ஒரு பிரிவில் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் நிறுவனமே தடுத்துவிட்டது. உண்மைப் பணத்துக்குத் திருட்டுத்தனமாக விற்கப்படும் பொன் அவ்வேலங்களில் புழங்குகிறது என்பது முறைப்பாடு. கூறிய தொகை தெரிந்தாலும், அத்தொகை எங்கிருந்து வந்தது என்பது தெரியாதவிடத்து வெளிப்படை அரைகுறையானதே.

எழுதிவைத்த சட்டம் சிறு சீட்டுகளுக்கு எட்டுவது அரிது. படுவான்கரை போன்ற இடங்களிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றோர் ஊர்ச் சீட்டில் சேர விரும்பினால், கைத்தொலைபேசிக் குழுவே அவர்களுக்குக் கூடம். அங்கே குடத்தை எப்படி வைப்பது? எல்லாரும் ஒரே நிமிடத்தில் தொகையை அனுப்புவது என்று வகுத்தால், பிந்தி அனுப்புபவர் முந்தியவர் தொகையைப் பார்த்துவிடுவார். இதற்குக் கணினி அறிஞர்கள் கண்ட வழி ஒன்றுண்டு. தம் தொகையையும் தாம் மட்டும் அறிந்த ஒரு நீண்ட சொற்றொடரையும் சேர்த்து, குறித்த ஒரு கணித முறையில் ஒவ்வொருவரும் எழுத்துக் கோவையாக மாற்றுவர். கோவையிலிருந்து தொகையை மீட்க இயலாது. முதலில் கோவைகளை மட்டும் குழுவில் இடுவர். எல்லாருடையதும் வந்தபின் தொகையையும் சொற்றொடரையும் வெளியிடுவர். எவரேனும் இடையில் தொகையை மாற்றியிருந்தால் கோவை பொருந்தாது காட்டிக்கொடுக்கும். தொகையை மட்டும் கோவையாக்கினால் பயனில்லை. பதினாலாயிரம், பதினாலாயிரத்து ஐந்நூறு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அதற்காகத்தான் அந்தச் சொற்றொடர்.

இவ்வளவு தொழில்நுட்பம் வேண்டாம் என்போர், அந்த மாதம் ஏலம் கூறாத இருவரைத் தெரிந்து இருவருக்கும் தொகையை அனுப்பலாம். இருவர் பட்டியலும் ஒரே வேளையில் குழுவில் இடப்படும், ஒத்திருந்தால் சரி. ஏலம் கூறாத இருவருக்கும் கழிவில் பங்கு உண்டாதலின் அவர்களும் முற்றிலும் நடுநிலையாளர் அல்லர். ஆயினும் இருவரும் சேர்ந்து பொய்யுரைப்பது ஒருவர் உரைப்பதிலும் கடினம். மாதந்தோறும் ஆளை மாற்றினால் இன்னும் கடினம். பிறகு வேண்டுவது ஒரு கொப்பியும் பேனையும்தான். தேதி, கூறியவர் பெயர்கள், ஒவ்வொருவரும் கூறிய தொகை, சீட்டு எடுத்தவர், ஆளுக்கு வந்த பிரிவுப் பணம். அப்பக்கத்தைப் படமெடுத்து அன்றிரவே குழுவில் இட்டால், கட்டாரில் வேலை முடித்து அறைக்குத் திரும்பும் உறுப்பினர் உறங்கு முன் கூட்டிப் பார்த்துக்கொள்வார்.