எல்லையிற் காத்திருக்கும் பாரவூர்திகள்: ஒத்துழைப்பின் பொருளியல்

தரை எல்லை இல்லாத தீவு இலங்கை. ஆயினும் எல்லை என்பது நாட்டுப்படத்தில் வரையப்பட்ட கோடு மட்டுமன்று. ஒரு நாட்டின் பொருள் இன்னொரு நாட்டின் சட்டத்துக்கு உட்படும் இடமே எல்லையாகும். அவ்வகையில் நோக்குமிடத்து, நமது பிரதான எல்லை கொழும்புத் துறைமுக வாயிலே எனலாம். கொட்டாஞ்சேனையிலும் இங்குருகடைச் சந்தியிலும் கொள்கலன் லொறிகளின் வரிசையைக் காணாதார் இலர். இவ்வரிசை ஏன் உண்டாகின்றது என்பதை விளங்கிக்கொள்ள, தரை எல்லைகள் இரண்டின் அனுபவத்தை முதலில் ஆராய்தல் பயனுடையதாகும்.

கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவில், இந்தியாவின் பெத்ராபோலும் பங்களாதேஷின் பெனாபோலும் எதிரெதிரே அமைந்துள்ளன. எல்லை கடக்கும் இந்திய லொறி பெனாபோல் முற்றத்திற் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். அச்சரக்கைப் பங்களாதேஷ் லொறி மீண்டும் ஏற்றிச் செல்லும். ஆகவே, பெனாபோலில் இறக்கும் வேகமே பெத்ராபோலில் நிற்கும் வரிசையின் நீளத்தைத் தீர்மானிக்கின்றது. 2016இல் பெத்ராபோலில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி திறக்கப்பட்டது. அதன் பின்னரும், 2021இல் வெளியான உலக வங்கி ஆய்வொன்று, இவ்வெல்லையைக் கடக்கப் பல நாட்கள் ஆவதாகவும், இதே அளவு போக்குவரத்துள்ள கிழக்கு ஆபிரிக்க எல்லைகளில் ஆறு மணித்தியாலத்துக்கும் குறைவான நேரமே ஆவதாகவும் கூறிற்று. 2022இல் மேற்கு வங்க அரசு லொறிகளுக்கு முன்கூட்டியே நேரம் ஒதுக்கும் முறையைக் கொண்டுவந்தது. இது வரிசையை ஒழுங்குபடுத்தும். ஆனால், அதன் காரணத்தை நீக்காது. ஒரே சரக்கை இரு நாடுகளும் தனித்தனியே சோதிப்பதும், இடையில் அதனை இறக்கி ஏற்றுவதுமே அக்காரணமாகும்.

இதற்கு மாறான வழியைச் சாம்பியாவும் சிம்பாப்வேயும் கைக்கொண்டன. சாம்பேசி ஆற்றின் கரைகளிலுள்ள சிருண்டுவில், 2009 டிசம்பரில், ஒரே தரிப்புடைய எல்லை நிலையம் தொடங்கப்பட்டது. வடக்கே செல்லும் சரக்கு சாம்பியக் கரையிலும், தெற்கே செல்லும் சரக்கு சிம்பாப்வேக் கரையிலும், இரு நாட்டு அலுவலர்களாலும் ஒரே இடத்திற் சோதிக்கப்படுகின்றது. தமது அலுவலர் அயல்நாட்டு மண்ணில் நின்று தமது சட்டத்தைச் செயற்படுத்த இரு நாடுகளும் தனிச் சட்டங்கள் இயற்றின. இங்கு முதன்மை பெறுவது கட்டடமன்று, இச்சட்ட இணக்கமேயாகும்.

இவ்வனுபவத்தை நமது துறைமுகத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். கொழும்பிற் கையாளப்படும் கொள்கலன்களிற் பெரும்பகுதி கப்பலிலிருந்து கப்பலுக்கு மாற்றப்படுவது; அது வாயிலைக் கடப்பதில்லை. வரிசையில் நிற்பது எஞ்சிய பகுதியே. அதற்குச் சுங்கத் திணைக்களம், துறைமுக அதிகார சபை, முனையக் கம்பனிகள் ஆகியவற்றோடு, பொருளுக்கேற்ப உணவு, தாவரத் தனிமைப்படுத்தல், தர நிர்ணயம் சார்ந்த நிறுவனங்களின் இசைவும் வேண்டும். பரிசோதனைக்குத் தெரிவானவை ஒருகொடவத்தை போன்ற முற்றங்களுக்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. 2021இல் புதிய களனிப் பாலம் திறக்கப்பட்டது, பாதை விரிந்தது. எனினும் 2025 ஜனவரியிற் கொள்கலன்கள் மீண்டும் தேங்கின. அப்போது 323 கொள்கலன்கள் நேரடிப் பரிசோதனையின்றி விடுவிக்கப்பட்டமை பெரும் சர்ச்சைக்கு உள்ளாயிற்று. சோதனையைக் கைவிடுதல் ஒத்துழைப்பாகாது. ஒரு சோதனையின் முடிவைப் பல நிறுவனங்களும் ஏற்றுக்கொள்வதே ஒத்துழைப்பாகும். உலக வர்த்தக நிறுவனத்தின் வர்த்தக வசதிப்படுத்தல் ஒப்பந்தம் (2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது) வேண்டுவதும் எல்லை நிறுவனங்களின் இத்தகைய ஒருங்கிணைப்பையே. இலங்கை அதனை 2016இலேயே ஏற்றுக்கொண்டது.

இங்கு எழும் அடிப்படை வினா, காத்திருப்பின் செலவை ஏற்பவர் யார் என்பதாகும். இறக்குமதியாளர் அதனை விலையிற் சேர்த்து நுகர்வோர்மீது சுமத்தலாம். கப்பற் கம்பனி தாமதக் கட்டணம் அறவிடலாம். பயணத்துக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் சாரதியும் உதவியாளரும் அதனை எவர்மீதும் சுமத்த இயலாது. அலுவலகங்களுக்கிடையிலான இணக்கமின்மை அவர்களது ஊதியமற்ற உழைப்பு நேரமாக மாற்றப்படுகின்றது. காத்திருப்பு செலவற்றதாகத் தோன்றுவதனாலேயே அதனைக் குறைக்கும் அவசரம் எந்த நிறுவனத்துக்கும் ஏற்படுவதில்லை.

எனவே, பொதுவான வேலை நேரம், ஒரே இடத்திற் கூட்டுச் சோதனை, முன்கூட்டிய நேர ஒதுக்கீடு என்பவற்றோடு, குறித்த நேரத்துக்கு மேற்பட்ட காத்திருப்புக்குச் சாரதிக்குக் கொடுப்பனவும் ஒரு விதியாக்கப்படல் வேண்டும். தரிப்பிடம், கழிப்பிடம், ஓய்விடம் என்பன இவ்விதியின் பகுதிகளாக அமைதல் வேண்டும். இவற்றைத் தீர்மானிக்கும் மேசையிற் சாரதிகளின் சங்கங்களுக்கும் இடமளித்தல் அவசியம். இரு நாடுகள் சாம்பேசிக் கரையிற் சாதித்ததை, ஒரே அரசின் திணைக்களங்கள் ஒரு நகருக்குள் சாதிக்க இயலாது என்பதற்குத் தக்க காரணம் எதுவுமில்லை.